போத்தலில் போன கிணற்றுத் தண்ணீர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுகம்.

செட்டிகுளத்தில் ஆஸ்பத்திரிக்கும் நாலைந்து தெருக்களுக்கும் கரண்ட் கொடுத்த டீசல் மின்நிலையத்தில் எனக்கு வேலை. என்ஜின்களைக் கழுவி வரும் ஒயில் தண்ணீர் பின்னாலிருந்த சீமெந்துக் குழிக்குள் போகும். அங்கே தெளிந்த பிறகுதான் வெளியே விடலாம் என்பது அனுமதிப்பத்திரத்தின் கட்டளை. மூன்று மாதத்துக்கொருமுறை குழித் தண்ணீரில் ஒரு போத்தல் அள்ளி வவுனியாவில் பத்திரம் தருகிற அரசாங்கக் கந்தோரில் கொடுப்பது என் பொறுப்பு. தண்ணீர் பிழையென்றால் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாவிட்டால் என்ஜின் ஓடாது.

வழியில் சோதனைச் சாவடி. போத்தலோடு போகிற எவனும், அதற்குள் பெற்றோலோ அசிட்டோ இல்லை என்பதற்கு, ஒரு மிடறு குடித்துக் காட்டவேண்டும். முதல் தடவை ஆமிக்காரன் "குடி" என்றான். விளக்கம் சொல்லச் சிங்களம் வராது. குடித்தேன். இரண்டு நாள் வயிற்றாலடி. அதற்குப் பிறகு குழிப்பக்கமே போகவில்லை. அதே வளவுக்குள் நாங்கள் குடியிருந்த குவாட்டர்ஸ் கிணற்றில் அள்ளிக்கொண்டு போனேன். கந்தோரிலும் ஒவ்வொரு முறையும் 'திருப்தி' என்று முத்திரை குத்தினார்கள். ஆருக்கு நட்டம் என்று இருந்துவிட்டேன்.

மாரி தொடங்கிய கிழமை மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, கோப்பி ஒரு மாதிரி மணக்குதப்பா."

"மண்ணெண்ணெய்க் கையாலை சீனியை அள்ளியிருப்பாய். விசர்க்கதை கதையாதை," என்று பாய்ந்தேன்.

இரண்டாம் நாள் போத்தலோடு சாவடியில் நின்றேன். "குடி" என்றான். குடித்தேன். நாக்கில் ஒயில். ஐயோ, குழியில் மாறி அள்ளிவிட்டேனா? இல்லை, விடியற்காலை நானே கிணற்றில் வாளி விட்டு அள்ளியது. குழிச் சுவர் வெடித்து ஒயில் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. ஒருநாளாவது போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"நல்ல தண்ணி?" என்று கேட்டான்.

"ஓம், நல்ல தண்ணி," என்றேன். துவக்கோடு நிற்கிறவனிடம் வேறென்ன சொல்ல?

வீட்டில் ஒரு வயது மகளுக்குப் பால்மா கரைக்கிற நேரம். திரும்பி ஓட மனம் துடித்தது. ஆனால் சாவடிவரை வந்து திரும்புகிறவனைச் சும்மா விடமாட்டார்கள். பயத்தில் முன்னுக்கே நடந்தேன். பஸ்ஸில் கந்தோர்வரை எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன்.

அதிகாரி வழமைபோலப் போத்தலை வாங்கிப் பெட்டிக்குள் வைக்கப்போனார்.

"ஐயா, திறந்து மணந்து பாருங்கோ."

மணந்தார். முகம் சுளித்தார். "குழித்தண்ணி இவ்வளவு பழுதாப் போச்சோ?"

"இது குழித்தண்ணி இல்லை ஐயா, கிணத்துத் தண்ணி. முந்தித் தந்ததெல்லாமும் கிணத்துத் தண்ணிதான்."

வேலை போகும், பிடித்து மறியலில் அடைக்கவும் கூடும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. மூடியைத் திருகிவிட்டுக் கேட்டார்: "அந்தக் கிணத்திலை ஆர் குடிக்கிறது?"

"என்ரை பிள்ளை, ஐயா."