பில்லரில் வைத்த பித்தளை

கழக்கூட்டம் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் மலையாளி ஷாஜியின் கார் பட்டறையில் ராஜமணி பத்தொன்பது வருஷமாக டிங்கர். திசையன்விளைக்காரர். கிழிந்த தகரத்துக்கு அவர் பித்தளையை உருக்கி வைத்தால், ஒட்டு எங்கே என்று அவரே தேட வேண்டும். வெல்டிங்கில் இரும்பே உருகி இரும்போடு ஒன்றாகிவிடும். பித்தளை அப்படியில்லை, இரண்டுக்கும் நடுவில் பசை மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கும். சூடு குறைவு என்பதால் மெல்லிய தகரம் நெளியாது. மட்கார்டுக்கு அது போதும். ஆளைக் காக்கிற பில்லருக்கு ஆகாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தேதான் போன மழைக்காலத்தில் செய்தார். இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிற பில்லர் முறிந்து ஒரு வாடகைக் கார் வந்தது. வெல்டிங் மிஷின் பழுதாகிக் கிடந்தது. வண்டிக்காரனுக்கோ மறுநாளே வண்டி வேண்டும்.

“அண்ணாச்சி, பித்தளை வெச்சு முடிச்சிரு. பட்டி பூசிப் பெயிண்ட் அடிச்சாப் பின்ன ஆரு அறியப் போறா?” என்றான் ஷாஜி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில்தான் மறைக்க முடியாது, பட்டிக்கு அடியில் மறைக்கலாம். ராஜமணி மறைத்தார். வேலைக்காரனுக்கு வாய் எதற்கு என்று இருந்துவிட்டார். அவ்வளவு கோழை.

இந்த மாசம் ஒரு சாயங்காலம் அதே கார் அவர் வீட்டு முன்னால் வந்து நின்றது. இறங்கியது அவர் மகள் ஜெஸ்லின். ஐ.டி. பார்க்கில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியாம். ராஜமணி அவளிடம் விஷயத்தைச் சொல்லி, நாளையிலிருந்து பஸ்ஸில் போகச் சொன்னார்.

“அப்போ கூட வாற மூணு பேரு?” என்றாள் ஜெஸ்லின். “அவங்களுக்கும் அப்பா உண்டுல்லா?”

அவரோடு உட்கார்ந்து சாப்பிடவும் அவள் வரவில்லை. மறுநாள் காலையில் அந்தக் காரின் டிரைவர் சஜினை வண்டியோடு பட்டறைக்கு வரவழைத்து, அவன் கண் முன்னால் பட்டியைச் சுரண்டிக் காட்டினார். மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. அதன் ஓரத்தில் முடி அகலத்துக்கு விரிசல். சஜின் ஷாஜியிடம் திரும்பினான்.

ஷாஜி அசரவில்லை. “வெச்சது ஆராணு? அவருகிட்டக் கேளு.”

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்புக்கு ஒன்றும் தெரியாது, ராஜமணிக்குத் தெரிந்திருந்தது. சஜின் அறைந்தது அவரைத்தான்.

அன்றே ஷாஜி அவரை வேலையை விட்டு நிறுத்தினான். கள்ளப்பணி செய்த பாண்டிக்காரத் தமிழனை விரட்டிவிட்டேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். நேர்மையான ஆள் என்று பெயர் பரவி, இப்போது அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. சஜினின் கார் பில்லருக்கும் அங்கேதான் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள், இலவசமாக.