இடப்பக்க முன்சக்கரம்

பாட்டில் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருடம். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சுழலும் முந்நூற்றுச் சொச்சம் உருளைகளும், அவை சுழலத் தாங்கும் பேரிங்குகளும் அவள் பொறுப்பு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பாள். "இந்த பேரிங் பத்து நாள் தாங்கும்" என்பாள். பதினோராம் நாள் அது நின்றுவிடும். மேலாளர்கூட அவளை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டில் அவள் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை.

ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி அவர்களுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் வேகம் அறுபதைத் தாண்டியதும் கீழேயிருந்து "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கிளம்பியது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. கணவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, முன்சக்கரத்துல பேரிங் போகுது."

"ரோடு சத்தம்மா அது" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டின் ஒலியைக் கூட்டினார். பின்சீட்டில் மகள் சிரித்தாள். முன்சீட்டில் இருந்த அவளுக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் கொழுந்தனார் வந்தார். ஒரு காலத்தில் கார் ஷோரூமில் விற்பனையாளராக இருந்தவர். அந்த இரண்டு வருட அனுபவத்தை இன்றுவரை விட்டுக்கொடுக்காதவர். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "டயர் தேய்மானம்ணே. நாலையும் மாத்திடு" என்றார்.

"டயர் சத்தம் வளைக்கும்போது மாறாது. இது மாறுது, கவனிச்சீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"அண்ணி, இது உங்க ஃபேக்டரி மெஷின் இல்ல. கார்."

கணவரும் சிரித்தார். நான்கு டயர்களும் புதிதாக வந்தன. சத்தம் போகவில்லை. "புது டயர் பழகணும்ல" என்று கொழுந்தனார் தொலைபேசியில் சொன்னதைக் கணவர் அப்படியே ஒப்பித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து சர்வீஸ் சென்டருக்குப் போனபோது அவளே முன்வந்து விளக்கினாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"மேடத்துக்கு மட்டும்தான் கேக்குதா சார்? உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்கு அவ்வளவா..." என்று இழுத்தார் கணவர்.

அவ்வளவுதான். "சொன்னது நான். கேள்விய என்னைக் கேளுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் காத்திருப்பு அறையே திரும்பிப் பார்த்தது. காருக்குள் ஏறியதும், "எதுக்கு நாலு பேர் முன்னாடி கத்துற?" என்றார் கணவர். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. தினமும் மகள் இந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறாள். பேரிங் முழுசாகப் போனால் ஓடும்போதே சக்கரம் ஆடும். இதை எத்தனை தடவை சொல்வது?

புதன்கிழமை விடுப்புப் போட்டாள். கணவர் பைக்கில் அலுவலகம் கிளம்பியதும் சாவியை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் பின்தெருவில் இருந்த பட்டறைக்குப் போனாள். மெக்கானிக் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளில்லாத புறவழிச்சாலையில் அவளே ஓட்டினாள். அறுபது. ஸ்டீயரிங்கை மெல்ல வலப்பக்கம் திருப்பினாள். ரீங்காரம் உறுமலானது. இடப்பக்கம் திருப்பினாள். அடங்கியது.

"வலப்பக்கம் திருப்பினா எடை இடது சக்கரத்து மேல விழுது. அப்பதான் கத்துது. அப்ப எந்தப் பக்கம்?"

"இடது" என்றார் மெக்கானிக்.

பட்டறையில் வண்டியைத் தூக்கினார்கள். அவர் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். "ஆட்டமே இல்லையேக்கா."

"ஆட்டம் வர்ற வரைக்கும் விட்டா ஆளே இருக்கமாட்டோம். சக்கரத்தைச் சுத்துங்க." அவர் சுற்ற, அவள் உள்ளே கைவிட்டு சுருள்வில்லைப் பிடித்தாள். உள்ளங்கையில் மணலை அரைப்பது போல் ஒரு நறநறப்பு. அவரையும் பிடிக்கச் சொன்னாள். பிறகு வலப்பக்கத்து வில். அதில் ஒன்றுமில்லை, சக்கரம் வழுவழுவென்று ஓடியது. அவர் மறுபேச்சில்லாமல் கருவிகளை எடுத்தார்.

பிரேக்கைக் கழற்றி, சென்சார் கம்பியை ஓரமாகக் கட்டி, பேரிங் பொதிந்த ஹப்பை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. துரு பிடித்த போல்ட் ஒன்று வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் சுத்தியலை வாங்கி நாலு போடு போட்டாள். அந்த நாலு அடியும் யாருக்கு என்று மெக்கானிக்குக்குத் தெரியாது. உள்ளே தண்ணீர் புகுந்து கிரீஸ் காபி நிறத்தில் காய்ந்து கிடந்தது. புதிய ஹப்பைப் போட்டு, நடு நட்டையும் புதிதாகவே மாட்டி, இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானரால் முடுக்கினார்கள். திரும்பி வரும்போது எண்பதிலும் வண்டி மூச்சுவிடவில்லை.

வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. யாராவது கவனிக்கிறார்களா, பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மூவரும் வெளியே கிளம்ப, கணவர் ஓட்டினார். பத்து நிமிடம் கழித்து முகமெல்லாம் மலர, "பாத்தியா? டயர் செட்டாயிடுச்சு. தம்பி சொன்னது சரியாப்போச்சு" என்றார்.

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் இறங்கி, பின்கதவைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த பழைய ஹப்பைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். வெள்ளைச் சட்டை, கால்சட்டை எதையும் அவள் பார்க்கவில்லை.

"சுத்துங்க."

சுற்றினார். கரகரவென்றது.

"புதன்கிழமை மாத்தினேன். டயர் செட்டாகல, ஒரு மண்ணும் ஆகல."

அவர் ஹப்பை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நாலு மாசமா என்ன பண்ணிட்டிருந்தேன், தாலாட்டா பாடினேன்?" என்றாள் அவள். "ஊர்ல இருக்கிற மெஷினெல்லாம் நான் சொன்னா கேக்குது. நீங்க கேக்கலயே!"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

கோபம் அன்றோடு போகவில்லை. இரண்டு வாரம் வீட்டில் "சரி", "இல்ல" தவிர வேறு பேச்சில்லை. மூன்றாவது வாரம் கொழுந்தனார் சாப்பிட வந்தார். "எப்படிண்ணே, டயர் நல்லா ஓடுதா?" என்று கேட்டார். கணவர் தட்டைப் பார்த்தபடியே, "அது பேரிங்டா. உங்க அண்ணிதான் கண்டுபிடிச்சா" என்று முணுமுணுத்தார்.

அவள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, சொன்னார்.