நடப்பதற்கு முன்பே எழுதிய அறிக்கை

தனப்பிரியாவுக்குச் சொந்த ஊர் எருமப்பட்டி. வேதியியலில் முதுகலை முடித்து, நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள். நான்கு வருடம் பாடம் நடத்தினாள். பிறகு சேர்க்கை குறைந்து, நான்கு வகுப்புகள் ஒரு வகுப்பாகின. "தற்காலிகமாகத்தானுங்க மேடம்" என்று சொல்லி அவளைத் தரக்குழு அறைக்கு அனுப்பினார் முதல்வர். அந்தத் தற்காலிகம் ஒரு குழந்தையாக இருந்திருந்தால் இந்நேரம் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும்.

தரக்குழுவின் வேலை, கல்லூரியைச் சோதிக்க வரும் குழுவினருக்குக் காட்ட அறிக்கைகள் தயாரிப்பது. யோகா நாள், மரம் நடும் நாள், சாலைப் பாதுகாப்பு நாள் என்று எந்த நாளும் அந்தக் கல்லூரியில் சும்மா விடியக் கூடாது. எல்லாப் படங்களிலும் அதே முப்பது மாணவர்கள், இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். மரம் நடும் விழா ஆறு வருடமாக ஒரே குழியில் நடந்தது. ஆடு தின்கிற வேகத்துக்குக் கல்லூரியின் பசுமை உணர்வு ஈடு கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றின் கீழும் தனப்பிரியா ஒரு வரி எழுதுவாள்: "இதனால் மாணவர்கள் பெரிதும் பயனடைந்தனர்."

வேலை கடினமில்லை. அதுதான் கொன்றது. காலையில் கல்லூரி வளாகத்துக்கு வந்தும் ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி சுவரைப் பார்ப்பாள். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவன் கதிர்வேல், "ஏன் பிரியா, ஒடம்புக்கு முடியலியா?" என்று டாக்டரிடம் கூட்டிப்போனான். ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். சலிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், ஆசிரியர்களின் மனநலனுக்குக் கல்லூரி என்ன செய்தது என்று சோதனைக் குழுவின் படிவத்தில் ஒரு கேள்வி இருப்பதை முதல்வர் கவனித்தார். உடனே மனச்சோர்வு நீக்கும் பயிலரங்கம் ஒன்றை அறிவித்தார். ஆசிரியர்களின் சோர்வைப் போக்குவதற்காக இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை ரத்து செய்யப்பட்டது.

"சனிக்கெழமை நிகழ்ச்சிங்க மேடம். அறிக்கைய வெள்ளிக்கெழமையே குடுத்துருங்க" என்றார்.

தனப்பிரியா வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதி முடித்தாள். பேச்சாளர் என்ன பேசினார், எங்கே கைதட்டினார்கள், எல்லாம் எழுதினாள். 'பங்கேற்பாளர் கருத்து' என்ற இடத்தில், "இன்று எனக்குப் புத்துயிர் கிடைத்தது என்று ஓர் உதவிப் பேராசிரியை நெகிழ்ந்தார்" என்று போட்டாள். பிறகு சற்று நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் அந்த அதிர்ஷ்டசாலி என்று பொறாமையாக இருந்தது.

மறுநாள் அறுபது பேர் கருத்தரங்கக் கூடத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தரை மணிக்குச் சேலத்திலிருந்து பேச்சாளரின் மனைவி கூப்பிட்டார். சோர்வை வெல்வது எப்படி என்று அந்த வாரத்தில் மட்டும் ஒன்பது இடத்தில் பேசிய மனிதர், காலையில் தலைசுற்றி விழுந்துவிட்டாராம். குளுக்கோஸ் ஏறுகிறதாம்.

"இப்ப என்னங்க சார் பண்றது?" என்று தனப்பிரியா முதல்வரிடம் ஓடினாள்.

"பேனர் அடிச்சாச்சு, பிரியாணி சொல்லியாச்சு. அவரு பேசுனது முச்சூடும் உங்க அறிக்கைல இருக்குதுல்லீங்க? அதையே நீங்க பேசீருங்க. நான் போட்டோவுக்கு வந்தர்றேன்."

மேடையேறி அறிக்கையை வாசித்தாள். "இங்கே பேச்சாளர் ஒரு நகைச்சுவை சொன்னார்" என்ற இடத்தில் நகைச்சுவை இல்லாததால் தாண்டிப் போனாள். ஒருவர்கூட நிமிரவில்லை. புத்துயிர் வரிக்கு வந்தபோது தாளைக் கீழே வைத்தாள்.

"இத ஆரும் சொல்லலீங்க" என்றாள் மைக்கில். "நேத்து நானே எழுதுனது. எனக்குக் காத்தால வண்டிய உட்டு எறங்கவே புடிக்கிறதில்லீங்க. நெசமா ஆராச்சும் ஏதாச்சும் சொன்னீங்கன்னா எழுதிக்கறேன்."

போன்கள் மெல்லத் தாழ்ந்தன. பின்வரிசையிலிருந்து இயந்திரப் பட்டறையின் பயிற்றுநர் மயில்சாமி எழுந்தார். "மூணு வருசமா ஒரு பையனும் தொடாத லேத்த நான் தெனமும் தொடைக்கறேனுங்க. தொடைக்காட்டித் தூசி. தொடைச்சா நாளைக்கும் தூசி. எழுதிக்குங்க."

சிரிப்பு வெடித்தது. ஆங்கிலத் துறை ஷைமா சேலத்துக்காரர். அவரும் எழுந்தார். "லீவு பூரா அட்மிஷனுக்கு ஆள் புடிக்கத்தான் அனுப்புறாங்க. குமாரபாளையத்துல ஒரு வீட்டுல தறிச் சத்தம். நான் சொன்னது ஒண்ணுமே அவங்களுக்குக் கேக்கல. நான் துணி வாங்க வந்திருக்கேன்னு நெனச்சு, பத்து லுங்கிய எடுத்து விரிச்சுக் காட்டுனாங்க. ரெண்டு வாங்கிட்டு வந்துட்டேன்."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒருவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்து அழுதார். பிரியாணி ஆறியது. படம் எடுக்க வந்த முதல்வர், எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, பயிலரங்கம் பிரமாதம் என்று மகிழ்ந்து நடுவில் நின்றுகொண்டார்.

தனப்பிரியா எட்டுப் பக்கம் புதிதாக எழுதினாள். பெயர்களை மட்டும் விட்டுவிட்டு, லேத்தும் லுங்கியும் கண்ணீரும் அப்படியே. வேலை போனாலும் போகட்டும் என்று திங்கட்கிழமை கொண்டுபோய் வைத்தாள். முதல்வர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்திட்டார். "போட்டோல பேனரு முழுசாத் தெரியுதுங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்துச் சோதனைக் குழு வந்தது. கோப்புகளின் தடிமனைப் பார்த்துத் தலையசைத்தபடி நடந்தார்கள். ஒருவர் சரியாக அந்தக் கோப்பை எடுத்தார். எட்டுப் பக்கத்தையும் விசிறி மாதிரிப் புரட்டி, படத்தைப் பார்த்து, "வெரி குட்" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் சிரிப்பும் எரிச்சலுமாகச் சொன்னாள். "ஒரு எழுத்துத் தப்பாயிருமோன்னு ஏழு வருசமா பயந்துட்டே எழுதியிருக்கறனுங்க. படிக்கறதுக்கு ஆளே இல்ல!"

கதிர்வேல் யோசித்தான். "அப்ப நீ எழுதாம உட்டாலும் ஆருக்கும் தெரியாதுல்ல?"

எழுதாமல் விடவில்லை. ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு தேதியையும் விழாவின் பெயரையும் மட்டும் மாற்ற ஆரம்பித்தாள். பதினோரு மணித் தேநீருக்குள் வேலை முடிந்தது. மிச்ச நேரத்துக்கு, பூட்டிக் கிடந்த வேதியியல் ஆய்வகத்தின் சாவியை வாங்கிக்கொண்டாள். முதலில் கூட்டிப் பெருக்கினாள். உடையாத கண்ணாடிக் குழாய்களைத் தேடிக் கழுவினாள். மயில்சாமி எட்டிப் பார்த்து, "மச்சான் பண்ணைல கோழிக தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்களாம். என்னன்னு பாப்பீங்களா?" என்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதல்முறை ஒரு சொட்டு அதிகம் விழுந்தது. மறுபடி செய்தாள். சிவப்பு நீலமாக மாறுகிற அந்த ஒரு நொடிக்காகக் குடுவையை ஆட்டிக்கொண்டே நின்றாள். நிமிர்ந்து பார்த்தபோது மணி இரண்டரை. சாப்பிட மறந்திருந்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

பண்ணைத் தண்ணீரில் உப்பு அதிகம் என்று தெரிந்ததும் பேச்சு பரவியது. பிராந்தி பாட்டிலிலும் பால் கேனிலும் ஆழ்குழாய்த் தண்ணீர் வந்து சேர்ந்தது. கல்லூரி வாசலில் மாணவர்களைவிட விவசாயிகள் அதிகம் தென்பட்டபோது முதல்வருக்கு மூக்கு வியர்த்தது.

"இது சமூகத் தொண்டுங்க மேடம்! பேனர் அடிக்கலாம். வாரத்துக்கு ஒரு அறிக்கை குடுத்துருங்க."

"அறிக்கைக்கு வேற ஆளப் பாருங்க சார். எனக்குக் கையில வேல இருக்குது."

அப்படி ஒரு பதிலை அவர் அந்தக் கல்லூரியில் கேட்டதில்லை. ஏதோ விதிமுறை போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அறிக்கை வேலை புதிதாகச் சேர்ந்த மோகனப்பிரியாவிடம் போனது. தனப்பிரியா அவளிடம் கோப்பைக் கொடுத்தபோதே, "ஆரும் படிக்க மாட்டாங்க அம்மிணி. வெரசா முடிச்சுப்போட்டு உன்ற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் அங்கம்மாள் என்று தென்னந்தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மா வந்தார். அவர் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்று தனப்பிரியா சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ற கெணத்துத் தண்ணிய உப்புங்கறயா? எங்கூட்டு எளநி குடிச்சிருக்கறயா நீ?"

"எளநி நல்லாத்தானுங்க இருக்கும். தண்ணி உப்புதானுங்க."

அங்கம்மாள் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனார். இரண்டாம் நாள் வேறு பாட்டிலோடு திரும்பி வந்து, இது விடியக்காலையில் மொண்ட தண்ணீர், இதைப் பார் என்றார். அதிலும் உப்புதான். இப்போது இருவரும் ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியிலேயே நேரில் சோதித்துப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. சண்டைக்குப் போகிற மாதிரி, குடுவைகளைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள் தனப்பிரியா.