காளான் பைகளுக்குப் பொட்டு

கூரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஐந்து பெண்கள் சேர்ந்து காளான் வளர்த்தோம். நான்தான் தலைவி. கொட்டகை எங்களில் ஒருத்தியுடையது. அவள் புருஷன் அங்கேதான் தறி போட்டிருந்தான். ஒரு மத்தியானம் நெய்துகொண்டிருந்தபடியே தறிமேல் சாய்ந்து உயிரை விட்டான். தறியை விற்றுவிட்டு, "சும்மாதானே கெடக்குது, இங்கயே போடுங்கக்கா" என்று இடம் கொடுத்தாள். காளானை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. நாலு பக்கமும் ஈரச் சாக்கு. வைக்கோல் அடைத்த பைகள் கயிற்றில் வரிசை வரிசையாகத் தொங்கும். அவற்றின் துளைகளிலிருந்து வெளுத்த காளான்கள் எல்லாம் வாசல் பக்கமே தலைநீட்டி நிற்கும். அங்கே போனால் எல்லோருமே தானாகக் குரலைத் தாழ்த்திவிடுவோம்.

வெள்ளிக்கிழமை தறிக்குப் பொட்டு வைக்காமல் வேலையைத் தொடாத ஊர் இது. பைகளை மட்டும் விடுவோமா? குழைத்த மஞ்சளும் குங்குமமும் கொட்டகையிலேயே ஒரு கிண்ணத்தில் இருக்கும். நானே ஒவ்வொரு துளைக்கும் மேலே பொட்டு வைப்பேன். முதல் வெள்ளிக்கிழமை கொட்டகைக்காரியும் கிண்ணத்தை எடுக்க வந்தாள்.

"நீ தொட்டா வெளங்கினாப்லதான். வைடி கீழ!" என்று கத்திவிட்டேன். என் வாய் அப்படி. அவள் கட்டித் தொங்கவிட்ட சுவரோர வரிசைக்கும் பொட்டு வைக்காமல் திரும்பினேன்.

மூன்றாம் வாரம் வாசலோரப் பையில் ஒரு பச்சைப் புள்ளி. நான் பொட்டு வைத்த அதே இடம், அதே அளவு. மறுநாள் நாலு பைகளில். அதற்கு மறுநாள் எண்ணவே பயமாக இருந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் யாரோ உள்ளே வந்து, என் பொட்டின் மேலேயே நிதானமாகப் பச்சைப் பொட்டு வைத்துவிட்டுப் போவது மாதிரி இருந்தது. ஒருநாள் தண்ணீர் தெளிக்கும்போது, காற்றே இல்லை, ஒரு பை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. சாமி சத்தியம். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அவ புருஷன் இன்னும் அங்கதாம்மா இருக்கிறான்" என்றாள் குழுவில் ஒருத்தி. "வேற கொட்டகை பாத்துக்கலாம். அவளும் வேணாம், அந்த எடமும் வேணாம்."

நானும் தலையாட்டினேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் ஆட்டினேன்.

அதை அவளிடம் சொல்லவென்று எல்லோரும் கொட்டகைக்குப் போனோம். எங்களில் சின்னவள், காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்த காலேஜ் பெண், ஃபோன் டார்ச்சை ஒவ்வொரு பையிலும் அடித்துக்கொண்டே வந்தவள் சுவரோரம் நின்றுவிட்டாள்.

"யக்கா, இந்த வரிசைல ஒண்ணுமே இல்ல. சுத்தமா வெள்ளையா இருக்குது."

பிறகு கிண்ணத்தில் வெளிச்சத்தை அடித்தாள். மஞ்சளின் மேல் பச்சைப் பூஞ்சை மெத்தென்று படர்ந்திருந்தது.

"வாரக்கணக்கா இதுலயே வெரல விட்டு எல்லாப் பைக்கும் வெச்சிக்கினு இருந்தீங்களா? கை கழுவாம பையத் தொடாதீங்கன்னு தலதலயா அடிச்சிக்கினனே!"

என் விரலைப் பார்த்தேன். கதவு சாத்திய பிறகு வந்து போனவர் என்று யாருமில்லை, அத்தனையும் நான் செய்தது. நான் ஒதுக்கிய வரிசை மட்டும்தான் பிழைத்திருந்தது.

கொட்டகைக்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். கிண்ணத்தைக் காட்டிக் கேட்டாள்:

"இத்த வெளிய கொட்டணும்க்கா. இப்ப நான் தொடலாமா?"