படம் பின்னாடிதான் வரும்

வேலை முடிந்ததும் ஒயர்க்காரர் கேமராவின் கண்ணாடிக்கு முன்னால் வலது கையைத் தூக்குகிறார். தூக்கியபடியே கழுத்தைத் திருப்பி டிவியைப் பார்க்கிறார். டிவியில் அவருடைய கை கண்ணிமைக்கும் நேரம் தாமதித்து எழுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறார். கையை இறக்கி, அதுவும் தாமதித்து இறங்குகிறதா என்று சரிபார்த்துவிட்டுத் திருப்புளியைப் பைக்குள் போடுகிறார்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு வசனம் உண்டு. "படம் எப்பவும் பின்னாடிதாம்மா வரும். கேமரா பாக்கணும், ஒயர்ல ஓடணும், டிவி யோசிக்கணும், அப்புறந்தானே காட்டும்? முன்னாடி வந்துச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க, வேற ஆளைப் பாருங்க." சிரிக்காதவர் வீட்டில் இதை இன்னொரு தடவை சொல்வார். போன மழைக்காலத்திலிருந்து சொல்வதில்லை.

அவர் பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. ஒயர்க்காரர் என்றால் வீட்டைக் காட்டுவார்கள். டிவியோடு எதையாவது கோத்துவைப்பதுதான் பிழைப்பு. கல்யாண வீடியோ இருக்கும் கேமரா, விளையாட்டுப் பெட்டி, மடிக்கணினி, எதுவானாலும் சரி. எச்.டி.எம்.ஐ ஒயரைத் தலைகீழாக வைத்து முட்டி மோதி, துளையை நெளித்துவிட்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று குமுறுகிறவர்கள்தான் அவருக்குப் படியளப்பவர்கள். ஒயரை ஒரு துளையில் செருகிவிட்டு ரிமோட்டில் வேறொன்றை அழுத்தி, "சிக்னல் இல்லை" என்ற எழுத்தையே வெறித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அவர்களை அவர் திட்டமாட்டார். "வாசல்ல ஆள் நிக்குது, நீங்க கொல்லைக் கதவைத் திறந்து வச்சிருக்கீங்க" என்பார்.

வேலையைத் தொடங்குமுன் அணைந்த திரைக்கு எதிரே ஒரு நிமிடம் நிற்பார். கறுப்புக் கண்ணாடியில் அறை முழுவதும் தெரியும், கொஞ்சம் இருட்டாக, கொஞ்சம் ஆழமாக. அதில் தெரியும் ஆட்களை எண்ணுவார். அப்புறம் திரும்பி, அறையில் இருப்பவர்களை எண்ணுவார். இந்தக் கிறுக்கை அறிந்த அவர் மனைவி, வீடு திரும்பியதும் கேட்பார்: "என்ன, இன்னிக்குக் கணக்கு சரியா வந்துச்சா?"

"இதுவரைக்கும் வந்துருக்கு" என்று சட்டையைக் கழற்றுவார்.

போன மழைக்காலத்தில்தான் ஓர் அம்மாள் அவரைக் கூப்பிட்டார். உள்ளறையில் கணவர் படுத்திருந்தார். இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. விழித்தால் கை மட்டும் கட்டிலுக்கு வெளியே வந்து மனைவியைத் தேடும். வீட்டில் வேறு ஆளில்லை.

"தனியா போயிடுவோமோன்னு அவருக்குப் பயம் தம்பி. நான் பாத்திரம் தேய்ச்சிக்கிட்டு இருக்கறப்போ எதாவது ஆயிட்டா, அப்புறம் நான் எப்படி உயிரோட இருப்பேன்?"

கட்டிலின் கால்மாட்டில், அலமாரி மேல், அந்த வீட்டுப் பழைய கேமராவை ஒயர்க்காரர் வைத்தார். நீள ஒயரைக் கதவிடுக்கில் நசுங்காமல் சுவரோரமாகக் கொண்டுவந்து கூடத்து டிவியில் செருகினார். அடுப்படியில் நின்றபடியே பார்க்கலாம். கட்டில், போர்வை, பக்கத்தில் ஒரு ஸ்டூல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வழக்கம்போல் உள்ளறைக்குப் போய் நின்று, கதவு வழியாக டிவியைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கப் போனார்.

டிவியில் அவர் கை ஏற்கெனவே மேலே இருந்தது.

ஒயரைப் பிடுங்கி மாட்டினார். துளையை மாற்றினார். பையிலிருந்த வேறு ஒயரைப் போட்டுப் பார்த்தார். கோளாறு கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த அம்மாள் உள்ளே போய்ப் போர்வையை இழுத்துவிடுவது டிவியில் தெரிந்தபோது, அம்மாள் அடுப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் முந்தானையில் கையைத் துடைத்தபடி அவரைக் கடந்து உள்ளே போனார். அதே மாதிரி குனிந்து, அதே மூலையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

அம்மாள் திரும்பி வந்து அடுப்பில் பாலை ஏற்றினார். டிவியில் கணவரின் கை போர்வைக்கு வெளியே வந்தது. காற்றைத் தடவியது. ஸ்டூல் காலியாக இருந்தது. விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன; பிறகு கை கட்டில் விளிம்பில் அப்படியே தொங்கிப்போனது. மார்பின் மேல் போர்வை அசையவில்லை.

ஒயர்க்காரர் பதறிப்போய்க் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை ஏறி இறங்கியது. கை வெளியே வரவில்லை.

ஒயர்க்காரர் டிவியை மறைத்துக்கொண்டு நின்றார். "அக்கா, உள்ள போய் அவர் பக்கத்துல உக்காருங்க."

"பால் இருக்கே தம்பி, பொங்கிடும்."

"பாலை நான் பாத்துக்கறேன். பக்கத்துல ஆள் இருந்தாத்தான் படம் சரியா விழுதான்னு தெரியும். அவர் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காருங்க."

"கையை எதுக்குப் பிடிக்கணும்?"

"போங்கக்கா." கரண்டியை வாங்கக் கையை நீட்டினார்.

அம்மாள் அவர் முகத்தையே பார்த்தார். கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. "என்னங்க, முழிச்சிட்டீங்களா? எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்." பதிலுக்கு ஏதோ முனகல். அதற்கு அம்மாள் சின்னதாகச் சிரித்தார். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதில் இப்போது ஸ்டூல் நிறைந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க ஒயர்க்காரருக்குத் துணிச்சல் வரவில்லை. பால் விளிம்புக்கு ஏறியது. தீயைக் குறைத்துக் கிளறிவிட்டார்.

"என்னங்க" என்றார் அம்மாள் உள்ளேயிருந்து. கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "என்னங்க."

ஒயர்க்காரர் அடுப்பை அணைத்தார். ஒரு தட்டைத் தேடியெடுத்து, சத்தம் வராமல், பாலை மூடினார்.