பிசுக்கில்லாமல் கழுவிய பாட்டில்கள்

கண்ணாடி பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டை ஒரு பொட்டுப் பிசுக்கு இல்லாமல் எடுப்பதில் எங்கள் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. தேன் பாட்டில், ஜாம் பாட்டில், காப்பித்தூள் பாட்டில் என்று எதையாவது தூக்கிக்கொண்டு இன்றைக்கும் யாராவது வாசலில் வந்து நிற்கிறார்கள். சீட்டு வந்துவிட்டது, கோந்து வரவில்லை, கையில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். எப்படி எடுப்பது என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவேன். பாட்டிலைக் கையால் தொடுவதில்லை. தொட்டால் எரிச்சல் வருகிறது. யார்மேல் என்று கேட்டால், முதலில் என்மேல்.

இந்த வேலையை நான் பழகியது கடலோடு சேரும் எங்கள் ஏரியின் கரையில், ஊரில் சார் வீடு என்று சொல்லும் வீட்டில். சென்னையில் உள்ள ஒரு கல்லூரிக்காரர்கள் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் வந்து தங்கி ஏரித் தண்ணீரை எடுத்துப் பார்ப்பார்கள், சேற்றை அள்ளிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். உள்ளறையில் சுவர் நீளத்துக்கு மர அலமாரி. அதில் நாற்பதுக்கு மேல் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் மருந்துத் தண்ணீருக்குள் ஏரியில் பிறந்த ஏதோ ஒன்று மிதக்கும். இறால், நண்டு, உளுவை மீன், மட்டி, சேற்றுப் புழு. இந்த அலமாரியைத் தொடங்கி வைத்தவர் அங்கே முதலில் இருந்த வாத்தியார். எல்லோரும் அவரைப் பெரிய சார் என்போம்.

பெரிய சாருக்கு நீந்தக்கூடத் தெரியாது. பாட்டிலில் இருந்ததை எல்லாம் பிடித்துக் கொடுத்தவர் என் நைனா, அதாவது அப்பா.

எங்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. நைனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர். பறி என்று ஓலைக்கூடை ஒன்று. அதன் காதைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே போவார். நாள் முழுக்க அப்படிக் கடித்துக் கடித்து அவருக்கு முன்பல் இரண்டு தேய்ந்துபோயின. பெரிய சார் எதைக் கேட்டாலும், எந்தச் சேற்றில் எந்த மாதத்தில் கிடைக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு எடுத்துவந்து கொடுப்பார்.

பெரிய சார் ஒரு மரியாதை செய்தார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். என்ன பிராணி, எந்த இடம், எந்த நாள். கடைசி வரியில், "கையால் பிடித்தவர்" என்று போட்டு நைனாவின் முழுப் பெயர். எல்லாம் தமிழில், அழகான கையெழுத்தில். உப்புக்காற்றில் சீட்டு நைந்துவிடும் என்று அதன்மேல் செல்லோ டேப்பும் ஒட்டி வைத்தார். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசி வரி மட்டும் தெரியும். விரலை வைத்துக் காட்டுவார்.

அவருக்கு அதில் இருந்த பெருமை எனக்குத் தாங்காது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் சார் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையே கூட்டிக்கொண்டு போனவர். கூரை ஒழுகுது, பாட்டில்ல பேரு இருந்தா ஒழுகுறது நின்னுடுமா என்று நான் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் ஏன் அப்படி அலைந்தார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கையால் பிடிக்கிறவர்களை வலைக்காரர்கள் மீனவர்கள் என்று ஒத்துக்கொள்வதில்லை. ஏரியை அவர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறையில் எங்களுக்கு இடம் கிடையாது. மனசு நன்றாக இருக்கிற நாளில் போகட்டும் என்று விடுவார்கள், இல்லாத நாளில் பறியைப் பிடுங்கித் தண்ணீரில் கவிழ்ப்பார்கள். மீனவர் அட்டை ஒன்று கையில் இருந்தால் யாரும் இறங்காதே என்று சொல்ல முடியாது என்று நைனா நம்பினார். யாரையோ பிடித்து மனு எழுதிப் போட்டார். ஊர்ச் சங்கத்தில் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். சங்கத் தலைவர், "வலை இல்லாதவன் இன்னா மீனவன்?" என்று கேட்டுக் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. அட்டை வாங்காமல் விடமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

பெரிய சார் ஓய்வு பெற்றுப் போன மறுவருஷமே காலமாகிவிட்டார். அவர் இடத்துக்குப் புது சார் ஒருவர் வந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் எனக்குச் சௌகரியமாக இருக்கும், ஆனால் அது பொய். சுத்தம் பார்க்கிறவர். அலமாரியைப் பார்த்து முகம் சுளித்தார். டேப் எல்லாம் பழுத்து மஞ்சளாகி, ஓரத்தில் தூசி ஏறிக் கறுத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் அடித்த லேபிள் ஒட்டப்போவதாகச் சொன்னார். எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். நான் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். போனேன்.

முதல் நாளே கேட்டேன். புதுச் சீட்டில் பிடித்தவர் பெயர் வருமா என்று. "எல்லா டீட்டெய்லும் வரும்மா. நீ கோந்து இல்லாம சுத்தமா எடு, அது போதும்" என்றார். நான் தலையாட்டினேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

பாட்டிலுக்குள் மருந்து இருப்பதால் சுடுதண்ணீரில் முக்க முடியாது. முக்கினால் வெடிக்கும், இல்லையென்றால் மூடி வழியாக ஆவி வந்து கண்ணை எரிக்கும். முதல் இரண்டு நாள் பிளேடால் சுரண்டிக் கண்ணாடியில் கீறல் விழுந்து, சாரிடம் திட்டு வாங்கினேன். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பித் தேங்காய் எண்ணெயைத் தடவி வெயில் படும் ஜன்னலில் வைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் டேப் இளகித் தோலாக உரிந்து வரும். அதன் அடியில் இருக்கும் காகிதத்துக்கு ஈரத்துணி சுற்ற வேண்டும். காகிதம் ஊறி வழன்று வந்தபின் கண்ணாடியில் ஒரு கொழகொழப்பு நிற்கும். அதுதான் உயிரை வாங்குவது. துடைத்தால் பரவும், தேய்த்தால் உருண்டு உருண்டு வேறு இடத்தில் ஒட்டும். அதற்குத் திரும்பவும் எண்ணெயோடு சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, மட்டி ஓட்டின் விளிம்பால் ஒரே பக்கமாக வழிக்க வேண்டும். மட்டி ஓடு கோந்தை எடுக்கும், கண்ணாடியைக் கீறாது. கடைசியாகப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு துடைப்பு. கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்துப் பார்ப்பேன். துளி ஒட்டினாலும் மறுபடி முதலிலிருந்து.

பன்னிரண்டு நாள் செய்தேன். ஒவ்வொரு சீட்டிலும் கடைசி வரியில் நைனாவின் பெயர். முதல் பாட்டிலில் கை கொஞ்சம் தயங்கியது. பத்தாவது பாட்டிலில் அது வெறும் மை. அதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் ஒரு காலையில் நைனாவோடு ஏதோ ஒன்றுக்கு மல்லுக்கு நின்றுவிட்டு வேலைக்குப் போனேன். அன்று அவர் பெயரை வழிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது. பெரிய பேரு, இப்ப எங்க போச்சு பாரு என்று வாய்விட்டே சொன்னேன். கையில் போன் இருந்தது. ஒரே ஒரு போட்டோ எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ஊறிய காகிதங்களை எல்லாம் உருட்டிக் கொண்டுவந்து, காய்ந்ததும் வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

நைனாவிடம் பாட்டில் கழுவுகிற வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். காலி பாட்டில் என்று அவராக நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

மூன்று மாதம் கழித்து மீனவர் அட்டை கொடுக்கிற ஆபீஸுக்கு ஒரு புது மேடம் வந்தார். நைனா மறுபடியும் போய் நின்றார். அந்த மேடம் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். சங்கத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றால் பரவாயில்லை, ரொம்ப நாளாக இந்த ஏரியில் பிடிக்கிறீர்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் காட்டுங்கள், பழையதாக இருக்க வேண்டும், நானே நேரில் வந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றாராம். நைனா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். "எம்மா, எழுத்துல கீதான்னு கேக்குறாங்க. நாப்பது பாட்டில்ல கீது. தேதியோட கீது" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். புதுச் சீட்டில் எல்லாம் வரும் என்று சார் சொன்னாரே என்று அதையே பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் மூடிக்கொண்டிருந்தேன்.

மேடம் சொன்ன நாளில் வந்தார். நைனா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போனார். புது சார் வாசலுக்கே வந்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். அலமாரி பளபளவென்று இருந்தது. எல்லா பாட்டிலிலும் ஒரே அளவில் வெள்ளைச் சீட்டு. நைனா சீட்டைப் பார்க்கவில்லை, உள்ளே இருப்பதைப் பார்த்தார். ஒரு நண்டு பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து மேடத்திடம் நீட்டினார்.

"இது சேத்து நண்டுமா. முகத்துவாரத்துக்கு இப்பால, வளையில கையை வுட்டு நான் புடிச்சது. கீழ என் பேரு கீது, படிச்சிக்கோ."

மேடம் படித்தார். இன்னொரு தடவை படித்தார். உங்கள் பெயர் இதில் இல்லையே என்றார். நைனா என்னைப் பார்த்து, நீ படி என்றார். படித்தேன். ஒரு இங்கிலீஷ் பெயர், இடம், தேதி, ஒரு எண். கடைசி வரியில், சேகரித்தது விலங்கியல் துறை என்று இருந்தது.

"அதுக்குக் கீழ?"

"அவ்ளோதான் நைனா."

இந்தச் சீட்டு இல்லை, பழையது, பெரிய சார் கையால் எழுதியது என்று அவர் மேடத்திடம் சொன்னார். புது சாருக்கு விஷயம் புரியவில்லை. முகம் மலர்ந்து, "பழைய லேபிள் எல்லாம் எடுத்தாச்சுங்க. உங்க பொண்ணுதான் எடுத்துச்சு. ஒரு பிசுக்கு விடல" என்றார். அவர் என்னைப் பாராட்டத்தான் சொன்னார்.

நைனா என் பக்கம் திரும்பவில்லை. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அடியில் பார்த்தார், மூடி ஓரத்தில் பார்த்தார். விரலால் தடவினார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார், பிறகு இன்னொன்று. எங்காவது ஒரு எழுத்து, ஒரு துண்டு மிச்சம் இருக்கிறதா என்று தேடினார். நான் எதையும் விட்டு வைத்திருக்கவில்லை.

மேடம்தான் சாரிடம் கேட்டார், பழைய விவரம் எங்கேயாவது ஏற்றி வைத்திருக்கிறீர்களா என்று. அவர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். பிராணிக்கு ஒரு கட்டம், இடத்துக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒன்று. பிடித்தவருக்கு என்று கட்டமே இல்லை. அது தேவைப்படும் என்று நினைக்கவில்லை என்று முணுமுணுத்தார். வேண்டுமானால் இப்போது ஒரு லெட்டர் எழுதித் தருகிறேன் என்றார். நீங்கள் வந்தே ஒரு வருஷம்தானே ஆகிறது, உங்கள் லெட்டரை வைத்து நான் என்ன செய்ய முடியும் என்று மேடம் சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை வைத்து அட்டை அடிக்க முடியாது.

திரும்பி நடக்கும்போது பாதி வழியில், அந்தச் சீட்டை எல்லாம் என்ன செய்தாய் என்று நைனா கேட்டார். அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனபின், "வேலைய நல்லாத்தான் செஞ்சிக்கீற" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னார். ஒரு அறை விட்டிருந்தால் நான் அழுதுவிட்டாவது போயிருப்பேன்.

போன மாதம் வீடு வீடாகக் குடும்ப விவரம் எழுதுகிறவர் ஒருவர் வந்தார். நைனா அப்போதுதான் ஏரியிலிருந்து ஏறி வந்து, முழங்கால் சேற்றோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பறியில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. வந்தவர் பெயர் கேட்டார், வயது கேட்டார், தொழில் கேட்டார். இந்தக் கேள்விக்கு நைனா ஒரு காலத்தில் சண்டைக்கே போவார். கூலி என்று எழுதியதை அடிக்கவைத்து, மாற்றி எழுதச் சொன்னவர்.

"கூலி" என்றார்.

மீன்பிடித் தொழில் என்று எழுதுங்கள் சார் என்று நான் குறுக்கே புகுந்தேன். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"வேணாம்மா. எழுத்துல காட்டுன்னு கேட்டா எங்க போறது? கூலின்னே எழுதிக்கோ சார்" என்று சொல்லிவிட்டு நைனா காலைக் கழுவப் போனார். வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டார்.