இரண்டு கிருத்திகை

அந்த ஆடியில் பவானி கூடுதுறையில் குடம் எடுத்து நடந்த கூட்டத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் மூன்று பேர்: அம்மா, அம்மாவின் தங்கை சின்னம்மா, குடமில்லாமல் துணைக்கு நான். அப்பா வரவில்லை. அக்காவை வராதவர்கள் கணக்கில் சேர்க்க முடியாது. அவள் பேரூரிலிருந்து வேறு வழியில், வேறு ஆட்களோடு வந்துகொண்டிருந்தாள். அப்படி நினைத்துக்கொண்டுதான் நாங்கள் நடந்தோம்.

நாங்கள் போகும் மலை பேர் பெற்ற மலை இல்லை. பழனிக்கு நடக்கிறவர்கள் ரோட்டிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் மூன்று பக்கமிருந்து அங்கே ஆள் வரும். நாங்கள் கூடுதுறைத் தண்ணீர் கொண்டுபோவோம். இன்னொரு கூட்டம் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுக்கும். கோயம்புத்தூர்க்காரர்கள் பேரூரில் நொய்யல் தண்ணீர் எடுப்பார்கள். மூன்று வழியும் மலைக்குச் சற்று முன்னால் ஒரு மடத்தில் சேரும். மடம் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு போர் குழாய், இரண்டு புளியமரம், அவ்வளவுதான்.

குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. கழுத்து வலித்தால் கூட வருகிறவர் தலைக்கு மாற்றிவிட்டுச் சற்று நேரம் கை வீசி நடக்கலாம். மடத்துக்கு வந்ததும் குடம் மாற்றுவார்கள். பவானித் தண்ணீரைச் சுமந்து வந்தவர் அதை நொய்யல்காரரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மலைவரை அடுத்தவர் ஆற்றைத்தான் எல்லோரும் சுமப்பார்கள். மாற்றும்போது எந்த ஊர், என்ன சாதி, யார் வீட்டு ஆள் என்று கேட்கக் கூடாது. வருடம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்த ஒரு மத்தியானம் மட்டும் வாயை மூடிக்கொண்டு குடத்தை வாங்குவார்கள்.

அக்கா காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அதே கடையில் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் வேறு சாதி. நம்மைவிடக் கீழ் என்பார் அப்பா. அப்பா மஞ்சள் காட்டில் கூலிக்குப் போகிறவர். தன் மகன் வயதுள்ள தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் "வாரேனுங்க" என்று ஓடுகிறவர். தனக்குக் கீழேயும் ஓர் ஆள் உண்டு என்பதை மட்டும் அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"அவ ஊட்டு வாசல மிதிச்சீன்னா அப்பிடியே போயிரு. இந்த ஊட்டுக்கு வந்துறாத," என்று அம்மாவிடம் சொன்னார். சத்தமே போடவில்லை, சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

அடுத்த ஆடியில் மடத்தில் குடம் மாற்ற நின்றபோது எதிர் வரிசையில் அக்கா நின்றிருந்தாள். ஏற்பாடு ஒன்றும் இல்லை, தானாக அமைந்தது என்று இருவரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. சாமி காரியத்துக்குப் போன இடத்தில் பார்த்தால் வாசல் மிதித்ததாக ஆகாது என்று அம்மா கண்டுபிடித்திருந்தாள். அக்காவின் குடம் அம்மா தலைக்கும் அம்மாவின் குடம் அக்கா தலைக்கும் போனது. மலைவரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்தும் பார்க்காததுபோல வந்தார்கள்.

போன வருடம் அக்காவுக்கு மாதம் நிறைந்திருந்ததால் வரவில்லை. நல்லபடியாகப் பிறந்தால் குழந்தை பேரில் குடம் எடுக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. என் போனில் வந்த படங்களை அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். தொட்டதில்லை.

இந்த வருடம் அக்கா வீட்டுக்காரருக்குச் சூரத்தில் ஒரு ஜவுளிக் குடோனில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறார்கள். அம்மா என் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"கிருத்திகைக்கு மடத்துக்கு வந்துரு கண்ணு. கொழந்தையக் கொண்டாந்துரு."

"வாரேம்மா. மறுநாளு பொழுதோட எங்களுக்கு ரயிலு. அதுக்குள்ள பாத்துக்கலாம்."

"அம்முச்சிகிட்ட வருவாளா?"

"அவ யாருகிட்டயும் வரமாட்டா. உங்கட்ட வருவா."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான். கோபியில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை. மாத்திரைச் சீட்டு வாசிப்பது, கரண்ட் பில் கட்டுவது, காலண்டரில் நாள் பார்த்துச் சொல்வது எல்லாம் என் வேலை. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டிக் கிருத்திகை என்றைக்கு என்று நான்தான் பார்த்தேன். அக்காவும் பார்த்திருப்பாள். இருவருமே தேதியைச் சொல்லிக்கொள்ளவில்லை. தீபாவளி என்றால் தேதியா கேட்போம்?

காற்று அடித்த அடியில் பெருந்துறை தாண்டும்வரை கண்ணில் மண்தான். அம்மாவுக்கு இரண்டாம் நாளே பாதத்தில் கொப்புளம் வந்துவிட்டது. சின்னம்மா தன் சேலை ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

"ஏக்கா, பேத்தியப் பாக்கற அவசரத்துல பறக்கற. காலு உன்றதுதான?"

"வாய மூடிட்டு நட."

"நான் மூடீருவேன். உன்ற மூஞ்சி மூட மாட்டேங்குதே. கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்பிடிச் சிரிக்கல."

குடத்தோடு நடக்கும் கூட்டத்தில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்று எங்கள் பூசாரி எல்லார் போனையும் வாங்கி, அரிசி மூட்டையும் பாத்திரமும் ஏற்றிப் போகும் டெம்போவில் போட்டிருந்தார். டெம்போ முன்னாலேயே போய் மடத்தில் நிற்கும்.

மூன்றாம் நாள் உச்சி சாய்ந்து நாங்கள் மடத்துக்குப் போனபோது கொடுமுடிக்காரர்கள் மட்டும் வரிசையில் நின்றார்கள். அம்மா வரிசையின் கடைசிவரை பார்த்தாள். பிறகு கோயம்புத்தூர்ப் பக்கத்து ரோட்டைப் பார்த்தாள்.

"பேரூர்க்காரங்க இன்னும் வருலீங்களா?" என்று நான் மடத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன்.

"அவிங்க நேத்தே வந்து, குடத்த மலைக்குக் கொண்டுபோயிட்டுத் திரும்பிப்போட்டாங்களே. கேட்டா, நேத்துத்தான் கிருத்திகைன்னு சொல்றாங்க. குடம் மாத்தறதுக்குக்கூட எதுக்க ஆளில்ல. தங்களுக்குள்ளயே மாத்திக்கிட்டாங்க." கரண்டியை உதறிவிட்டுச் சொன்னார்: "ஒரு புள்ள மட்டும் கைக்கொழந்தையோட அந்தப் புளியமரத்தடியில உக்காந்தே இருந்துச்சுங்க. எங்கம்மா வருவாங்க, வருவாங்கன்னுட்டு. பொழுது உழுந்தப்பறம் வீட்டுக்காரரு வந்து கூட்டிட்டுப் போனாரு."

பஞ்சாங்கம் இரண்டு. எங்கள் ஊர்க் காலண்டர் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்த்து அச்சடித்தது. பேரூர்க் கூட்டத்துக்கு இந்த வருடம் நாள் குறித்தவர்கள் போனில் திருக்கணிதம் பார்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் சில நாழிகைதான் வித்தியாசம். ஆனால் நட்சத்திரம் விடியற்காலையை ஒட்டிப் பிறந்தால் அந்தச் சில நாழிகையில் ஒரு நாளே தள்ளிப்போய்விடும். பல வருடங்களாக இரண்டும் ஒத்துப்போய்க்கொண்டிருந்ததால் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

டெம்போவில் பையைத் துழாவிப் போனை எடுத்தேன். அக்காவிடமிருந்து அழைப்பின்மேல் அழைப்பு. கூப்பிட்டேன்.  "இன்னைக்கு ஆறு மணிக்கு ரயிலுடா. மூட்டையெல்லாம் கட்டியாச்சு," என்றாள்.

மணி இரண்டரை. தலையில் குடத்தோடு அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"கார் புடி," என்றாள்.

பூசாரிக்குக் கேட்டுவிட்டது. "ஏனுங்கம்மா, குடத்தோட எங்க போறீங்க? மலை கண்ணுக்குத் தெரியுது. ஏத்திப்போட்டு அப்பறம் போங்க."

"ஏத்திட்டு எறங்கறதுக்குள்ள பொழுது போயிருமுங்க."

"வேண்டுதலுங்கம்மா. பாதியில உட்டா கொழந்தைக்குத்தான் ஆகாது."

அம்மா கால் மாற்றி நின்றாள். கொப்புளம் உடைந்து பாதத்துக்கடியில் ஈரம் தெரிந்தது. பிறகு சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மா ஒன்றும் கேட்காமல் இடுப்பை ஒடித்து நின்றாள். தலையில் தன் குடம், இடுப்பில் அம்மாவின் குடம்.

"சாமி எங்கயும் போயிறாதுங்க," என்றாள் அம்மா பூசாரியிடம். "ரயிலு போயிருமுங்க."

கிருத்திகை நாளில் கார் கிடைப்பது லேசில்லை. ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வண்டியை மறித்து, டிரைவரிடம் கெஞ்சி, அவர் சொன்ன வாடகைக்கு ஒத்துக்கொண்டு ஏறும்போது மூன்றரை தாண்டிவிட்டது. டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். மஞ்சள் சேலையும் வெறுங்காலுமாக ஏறிய அம்மாவைக் கண்ணாடியில் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, மலை அக்கட்டால இருக்குது. நீங்க இக்கட்டால போறீங்க. முருகன்கூடச் சண்டைங்களா?"

அம்மா சிரிக்கவில்லை.  டிரைவர் வண்டியை விரட்டினார்.

அவிநாசி ரோட்டில் பாலம் கட்டிய பிறகும் நெரிசல் குறையவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து பார்த்தாள். "கொழந்தைக்கு ஒண்ணுமே வாங்குலியே," என்றாள் ஒருமுறை. நிறுத்தி வாங்க நேரமில்லை.

ஸ்டேஷனில் இறங்கியபோது ரயில் வந்து நின்றிருந்தது. அம்மாவால் படியேற முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பெட்டி வாசலில் அக்கா குழந்தையோடு நின்றிருந்தாள். அவள் வீட்டுக்காரர் மிக்சி அட்டைப்பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவர், அம்மாவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா தலையை ஆட்டினாள். அவர்கள் இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

"நேத்து முழுக்க உக்காந்திருந்தனே," என்றாள் அக்கா. அதுதான் முதல் பேச்சு.

"நேத்து என்னடி கிருத்திகை? இன்னைக்குத்தான கிருத்திகை?"

"போன்ல நேத்துன்னுதான் போட்டிருக்குது."

"போனு சொல்றதா? நம்மூர்ல என்னிக்கி எடுக்கறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"நான் எந்த ஊருன்னு நீங்கதான் சொல்லோணும்."

 இருந்த கொஞ்ச நேரத்தில் பாதி இப்படியே போனது. பிறகு அம்மா கையை நீட்டினாள். "வா சாமி. அம்முச்சி வந்திருக்கேன், வா."

குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. மூன்று நாள் வெயிலும் மண்ணும் விபூதியும் அப்பிய முகம். வீறிட்டு அழுதது. அம்மா வாங்கித் தோளில் போட்டதும் முதுகை வளைத்துக்கொண்டு கத்தியது. பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உங்கட்ட வருவான்னு நெனச்சனே," என்று அக்கா சொல்லிக்கொண்டே குழந்தையைத் திரும்ப வாங்கினாள்.

அம்மா தன் கையில் கட்டியிருந்த மஞ்சள் காப்பைப் பல்லால் அவிழ்த்தாள். குடம் மலைக்குப் போகும்முன் காப்பை அவிழ்க்கக் கூடாது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அழுதுகொண்டிருந்த குழந்தையின் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு போட்டு முடிக்கும்முன் ரயில் நகர்ந்துவிட்டது. வண்டியோடு சேர்ந்து நொண்டி நடந்தபடியே முடிச்சை இறுக்கினாள். "உடுங்கம்மா, உழுந்துருவீங்க!" என்று அக்கா கத்தினாள். அம்மா விட்டாள்.

கடைசிப் பெட்டி போன பிறகு பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. துணி அவிழ்ந்த பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலைக்குப் போலாமாம்மா? கடைசி பஸ் இருக்கும்."

"குடமில்லாம அங்க போயி என்ன பண்ண?"

காந்திபுரம் வந்து ஊருக்கு பஸ் ஏறினோம். வழியில் அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "அவ அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது." நான் எதை என்று கேட்கவில்லை.

சின்னம்மா இரண்டு குடத்தையும் சுமந்து மலையேறி ஊற்றிவிட்டுத்தான் வந்தாள். இருந்தாலும், அம்மா கையில் காப்பு இல்லாததை ஊரில் யாரோ பார்த்துச் சொல்லிவிட, காப்பை மலைக்கு முன்னால் அவிழ்த்தது கூட்டத்துக்கே ஆகாது, பரிகாரமாக மடத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுக்க வேண்டும் என்று பூசாரி சொல்லியனுப்பினார். அந்த ஆள் வந்து வாசலில் நின்று சொன்னபோதுதான் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்தது. அம்மாவை வெளியே போகச் சொல்வார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் அம்மாவிடம் பேசுவதில்லை. வேண்டியதை என்னிடம் சொல்வார், நான் அம்மாவிடம் சொல்வேன்.

அக்கா சூரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் படம் அனுப்பினாள். குழந்தை கையில் காப்பு இல்லை. ரயிலிலேயே அவிழ்ந்து விழுந்துவிட்டதாம். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. முகம் மட்டும் தெரிகிற படமாகப் பார்த்துக் காட்டினேன்.

அம்மா ஆன செலவைக் கேட்டாள். சீட்டுப் பணம் எடுத்துத் தந்துவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. மறைக்காமல் சொன்னேன். கார் வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, பிளாட்பார டிக்கெட் இருபது, ஊருக்கு பஸ் நூற்று அறுபது, மடத்து அரிசி ஆயிரத்து நானூறு. ஆக ஐயாயிரத்து எண்பது ரூபாய்.